ஊஸ்டரில் இருபது நிமிடம்

2009 நவம்பர் 3, செவ்வாய்

காலையில் மழை. பயிற்சி இரண்டாம் மைதானத்தில் நடந்தது. பயிற்சியாளர் ஹுக் என்னை வலது எல்லைக் கோட்டருகே நிறுத்தி, சப்பாத்து நுனியால் புல்லில் ஒரு வட்டம் கீறினார். "பந்து வரும்வரை இதுதான் உன் வீடு" என்றார். பந்து வர நெடுநேரம் ஆனது. மற்றவர்கள் நடுவில் முட்டி மோதி வேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வட்டத்துக்குள் நின்று கைகளைத் தேய்த்தேன். ஓர ஆட்டக்காரனுக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் கூட என்று சின்ன வயதில் எவரும் சொல்லித் தரவில்லை.

இந்த உதைபந்தாட்டக் கழகத்தோடு யூலையில் ஒப்பந்தம் எழுதினேன். சுவிஸின் இரண்டாம் பிரிவு. இருபது வயதில் இது நல்ல தொடக்கம் என்கிறார்கள். பேக்கரிக்கு மேலே ஓர் அறை. அப்பா, அம்மா, தங்கச்சி யதுஷா மூவரும் மலைப் பக்கம், கூர் நகரில். இரண்டு தடவை ரெயின் மாறிப் போக வேண்டும்.

தமிழில் எழுதுவது அம்மாவின் கட்டளை. அம்மா சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிப்பவர். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளைக்கு எழுத்து மறந்துவிடும் என்று பயந்து, ஒவ்வொரு நாளும் எதையாவது எழுத வைத்தார். பழகிவிட்டது. இன்னொரு வசதியும் உண்டு. உடைமாற்றும் அறையில் இதைத் திறந்தபடி விட்டாலும் வாசிக்க ஆளில்லை.

2009 நவம்பர் 15, ஞாயிறு

கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். பந்து இரண்டு முறை வந்தது. ஒருமுறை வெளியே அடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் யாஸ் என்ற சுவிஸ் சீட்டு விளையாடினார்கள். எனக்குப் பின்னால் விளையாடும் வலது பின்காப்பாளன் ரேத்தோ, "வாறியா?" என்று கேட்டான். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது என்றேன். யாஸ் தெரியாமல் கூரில் எப்படி வளர்ந்தாய் என்று சிரித்தான். எங்கள் வீட்டில் முன்னூற்றி நாலு என்ற ஊர்ச் சீட்டு விளையாடுவார்கள், அதற்கும் இப்போது ஆள் சேர்வதில்லை என்று சொல்ல நினைத்தேன்.

அப்பாவோடு ரெலிபோனில் கதைத்தேன். "சாப்பிட்டியோ?" என்றார். "ஓம்" என்றேன். "குளிரோ?" "ஓம்." பிறகு ஹோட்டல் சமையலறைச் சத்தம் மட்டும் கேட்டது. மே மாதத்துக்குப் பிறகு அப்பா இப்படித்தான். அவருடைய அண்ணர், எனக்குப் பெரியப்பா, தம்பித்துரை, போரின் கடைசி நாட்களில் வன்னிக்குள் இருந்தார். வெளியே வந்தவர்களில் அவர் இல்லை. எந்த நாள், எந்த இடம், ஒன்றும் தெரியாது. ஊரில் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கியவர் அவர். அப்பா அதில் கோல் காப்பவர், கோலி.

2010 மார்ச் 13, சனி

விடுமுறை. சூரிச்சில் ஓர்லிகோன் தமிழ்க் கடைக்கு மாவும் மிளகாய்த்தூளும் வாங்கப் போனேன். அங்கே தவராஜா அண்ணை. சுவிஸில் உள்ள எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர், அணித் தெரிவாளர், போட்டிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பாளர், எல்லாம் அவரே. 'ஒளிச்சுடர்' என்று ஊரில் இருந்த அதே பெயர்.

"எட, எங்கட புரொபெஷனல்! கோடைக்கு ஊஸ்டரில சுற்றுப்போட்டி. ஒரு மச் வந்து விளையாடன் தம்பி."

"ஏலாது அண்ணை. ஒப்பந்தத்தில இருக்கு. கழகத்திட்ட எழுத்தில அனுமதி இல்லாமல் வேறெங்கயும் பந்தில கால் வைக்கக் கூடாது."

"கேட்டுப் பாக்கலாமே?"

"கேட்டால் சிரிப்பாங்கள்."

"அப்ப எங்களுக்குச் சிரிப்பு, அவைக்கு உன்ர கால்." கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை என் தோளில் தட்டி, மிளகாய்த்தூளைத் தானே கூடைக்குள் வைத்தார். "எங்க விளையாடினாலும் நீ எங்கட பொடியன்தான்."

கடையில் நின்ற அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு கிழமைக்கான கதையைக் கதைத்துவிட்டேன்.

2010 செப்ரெம்பர் 19, ஞாயிறு

முதல் கோல். இடது காலால் அடித்தது, அதுவும் கோலியின் முழங்கையில் பட்டு உள்ளே போனது. அழகில்லை. ஆனாலும் கோல்தான்.

மைதானத்தின் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. ரேத்தோ தன் காதலி இருக்கும் பக்கம் ஓடுவான். என் ஆட்கள் எவரும் இல்லை. அப்பாவுக்கு ஞாயிறுதான் வேலை கூட. கோர்னர் கொடிவரை ஓடி, அங்கே நின்று, திரும்பி வந்தேன். தொலைக்காட்சியில் பார்த்த யதுஷா கேட்டாள்: "அண்ணா, கொடியிட்ட என்ன கேட்டனி?"

2011 பெப்ரவரி 20, ஞாயிறு

மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்தேன். தொண்ணூறு நிமிடமும்.

2011 மே 18, புதன்

பெரியப்பாவுக்கு எந்த நாள் என்று தெரியாததால் போர் முடிந்த இன்றைய திகதியைத்தான் வைத்திருக்கிறோம். பயிற்சி முடிந்து கூருக்குப் போனேன். அம்மா படையல் வைத்தார். படம் பழையது: ஊர்க் கழகச் சட்டையில் பெரியப்பா, காலடியில் பந்து. அப்பா படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இவரும் உன்னைப் போல வலது ஓரம், ரைற்தான்" என்றார். "கோட்டில நிண்டு கத்துவார்: டேய் யோகன், எறியடா! நான் கோலுக்குள்ள இருந்து எறிவன். பாக்காமலே எறிவன். அவர் அங்கதான் நிப்பார்."

இரண்டு வருடத்தில் அப்பா தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு. நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2011 டிசம்பர் 11, ஞாயிறு

இந்தப் பருவத்தில் இதுவரை எல்லா ஆட்டத்திலும் தொடக்க அணியில். ஹுக் இன்று கூப்பிட்டு, முதல் பிரிவுக் கழகம் ஒன்றிலிருந்து என்னைப் பார்க்க ஆள் வந்துபோனதாகச் சொன்னார். "உடம்பைப் பார்த்துக்கொள். பனிச்சறுக்கு வேண்டாம், மோட்டார் சைக்கிள் வேண்டாம்" என்றார். நான் பனிச்சறுக்கே பழகவில்லை என்றேன். கூர்க்காரனா நீ என்று இவரும் கேட்டார்.

அறைக்கு வந்து சோறு வடித்தேன். நல்ல செய்தியை உரத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் போர்த்துக்கீசர் இருமுவது கேட்டது.

2012 யூலை 22, ஞாயிறு

அப்பா தானாக ரெலிபோன் எடுத்தார். அவர் எடுத்தால் பயம் வரும்.

"தவராஜா கதைச்சவர். இந்த முறை ஊஸ்டரில அண்ணற்ற பேரில கிண்ணம் வைக்கினம். தம்பித்துரை நினைவுக் கிண்ணம்."

"நல்லது அப்பா."

"நீ விளையாட வேண்டாம். அவையும் கேக்கேல்லை. விருந்தினரா வந்து நிண்டாப் போதும். கிண்ணத்தை நீ குடுத்தால்..." நிறுத்தினார். "மூண்டு வருசமாப் போச்சு. செத்த வீடு எண்டு ஒண்டு செய்யேல்லை. ஆக்கள் கூடி நிக்கிறது இதுதான்."

வருகிறேன் என்றேன். சனிக்கிழமை மாலை எங்கள் ஆட்டம். ஞாயிறு ஓய்வு. போகலாம்.

2012 ஓகஸ்ட் 12, ஞாயிறு

முழங்கால். நாளை எழுதுகிறேன்.

2012 ஓகஸ்ட் 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊஸ்டர் மைதானத்தில் நானூறு பேர் இருக்கலாம். கொத்துரொட்டிக் கூடாரம், றோல்ஸ், வடை, குழந்தைகளுக்குக் காற்றடித்த கோட்டை. காலையில் கொடி ஏற்றி, விளக்கேற்றி, அகவணக்கம். பெரியப்பாவின் படத்துக்கு மாலை போட்டார்கள். அப்பா கோட் போட்டிருந்தார். நான் முதல் பந்தை மெதுவாகத் தட்டித் தொடக்கி வைத்தேன். விருந்தினர் வழக்கம் அது. தோல் சப்பாத்து, மடிப்புக் குலையாத கால்சட்டை. அதோடு என் வேலை முடிந்தது.

ஒளிச்சுடர் இறுதியாட்டத்துக்கு வந்தது. அதுவரை நாலு ஆட்டம் ஆடிய களைப்பு. மாற்றுக்கு ஆள் இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கையில், வலது ஓரத்தில் விளையாடிய சாயிசன் தொடை இறுகி உட்கார்ந்துவிட்டான். பத்துப் பேர். இன்னும் இருபது நிமிடம்.

ஒலிபெருக்கியில் தவராஜா அண்ணை: "அன்பான உறவுகளே, ஒளிச்சுடர் பத்துப் பேரோட நிண்டு பிடிக்குது. ரைற்றில ஒரு பெரிய ஓட்டை. அதுக்குள்ளால லொறி போகலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு முயற்சி எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்பா தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றார். நான் சப்பாத்தின் நாடாவில் கை வைத்ததைக் கண்டு, "வேண்டாம்" என்று தலையை ஆட்டினார். அப்பா மறித்தார். அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். எவரும் என்னைக் கேட்கவில்லை.

ஏன் இறங்கினேன்? பெரியப்பாவுக்காக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது பாதிதான். ஆடுகிறவர்கள் கத்துவது காலையிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்தது. "ஆள் வருது!" "விடு விடு!" "இஞ்சால தாடா, எருமை!" மூன்று வருடமாக என்னை மைதானத்தில் ஜெர்மனில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். என் பெயரைப் 'பானு' என்று சரியாகச் சொல்லக்கூட மாட்டார்கள், 'பானோ' என்பார்கள். யாராவது என்னைப் பார்த்து எருமை என்று கத்த வேண்டும் போலிருந்தது. வேறு எப்படி விளக்குவது?

எதிரணித் தலைவனிடம் கேட்டேன். "வா மச்சான். நாளைக்கு நாங்களும் சொல்லலாமே, புரொபெஷனலோட விளையாடினனாங்கள் எண்டு. தோத்தால் அழக் கூடாது" என்றான். சாயிசனின் ஈரச் சட்டை. சாயிசனின் சப்பாத்து, எனக்கு ஓர் அளவு பெரிது. காலுறைக்கு மேல் காலுறை போட்டு இறுக்கினேன். அளவு தவறிய சப்பாத்தோடு பயிற்சிக்குப் போனாலே ஹுக் திருப்பி அனுப்புவார். அது எனக்குத் தெரியாததா?

எனக்கு அந்த இருபது நிமிடத்தில் பந்து வந்துகொண்டே இருந்தது. நல்லதும் கெட்டதுமாக, பார்த்தும் பாராமலும், எல்லாவற்றையும் எனக்கே தந்தார்கள். "பானு! டேய் பானு, ஓடடா!" முடியப்போகும் நேரத்தில் கோட்டோடு ஒட்டிப் போய், ஒருவனைத் தாண்டி, உள்ளே பார்க்காமலே தூக்கி அனுப்பினேன். கோலுக்கு முன்னால் நின்ற எங்கள் ஆரன் தலையால் முட்டினான். இரண்டுக்கு ஒன்று.

அடுத்த பந்து கோர்னர் பக்கம் வெளியே உருண்டது. போக விட்டிருக்கலாம். துரத்தினேன். புல்லுக்குள் ஒரு பள்ளம். பாதம் சப்பாத்துக்குள் நழுவ, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். மற்ற வீரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சத்தம்தான்.

அப்பாதான் முதலில் ஓடி வந்தார். கோட் போட்டபடியே புல்லில் முழங்கால் போட்டு இருந்தார்.

பிறகு ஒலிபெருக்கி. அண்ணையின் குரலில் அந்த விளையாட்டு இல்லை.

"உறவுகளே, கொஞ்சம் அமைதி. கைத்தொலைபேசியில படம் எடுத்த எல்லாரும் இப்பவே அழியுங்கோ. முகநூலில போட்டவை எடுங்கோ. வீட்டில போயும் கதைக்காதேங்கோ. இந்தப் பிள்ளையின்ர ஒப்பந்தம் போயிடும். யோகராஜா அண்ணையின்ர மகன் இண்டைக்கு இஞ்ச வரேல்லை. விளங்கினதோ? அவர் இஞ்ச வரேல்லை."

படுத்தபடி பார்த்தேன். வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

கிண்ணத்தை ஒளிச்சுடருக்கு அப்பா கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் காரின் பின் இருக்கையில் ஐஸ் பையோடு கிடந்தேன்.

2012 ஓகஸ்ட் 15, புதன்

கழகத்தில் படியில் விழுந்தேன் என்றேன். இயன்மருத்துவர் உர்சினா முழங்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளும் கூர்ப் பக்கத்துக் கிறவுபுண்டன்காரி. அவளுடைய பேச்சைக் கேட்டாலே கூருக்குப் போன மாதிரி இருக்கும்.

"எந்தப் படி?"

"வீட்டுப் படி."

கெண்டைக்காலில் ஒரு நீளக் கீறல், அதில் பச்சைக் கறை. நான் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

"உன் வீட்டுப் படியில் புல் முளைத்திருக்கிறது" என்றாள். பிறகு வேறொன்றும் கேட்கவில்லை.

குறுக்குத் தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது. எட்டு மாதம் என்கிறார்கள். கூடவும் ஆகலாம்.

ஹுக் தலையில் கை வைத்தார். "பனிச்சறுக்கு வேண்டாம் என்றேன். படிக்கட்டைச் சொல்ல மறந்துவிட்டேன்." அவர் என்னை நம்பினார். அது முழங்காலைவிட வலித்தது.

2012 ஓகஸ்ட் 30, வியாழன்

அறுவைச் சிகிச்சை முடிந்தது. சூரிச்சில் ஒரு மருத்துவமனை.

பகல் நேரத் தாதி தமிழ்ப் பெண். சட்டையில் மேர்சி என்று இருந்தது. வைத்தியரோடும் என்னோடும் சூரிச் ஜெர்மனில்தான் பேசினாள். என் பெயரைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் வராதாக்கும் என்று நினைத்தேன்.

வைத்தியர் போன பிறகு தலையணையை நிமிர்த்த வந்தவள், கதவைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, ஆரனுக்குத் தூக்கிப் போட்ட அந்தக் குறோஸ். நான் கத்தின கத்தில என்ர குரல் ரெண்டு நாளைக்கு இல்லாமல் போச்சு."

நான் வாயைத் திறக்குமுன், "நீங்கள் அங்க வரேல்லை. தெரியும்" என்றாள். மறுபடி ஜெர்மனில் வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டாள்.

2012 ஒக்ரோபர் 20, சனி

ஊன்றுகோல் இல்லாமல் முதல் தடவை ஓர்லிகோன் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர். நான் நுழைந்ததும் கதை நின்றது. ஒருவர் அரிசிப் பையைத் திருப்பி விலை பார்த்தார். மற்றவர் வாழைக்காயை. கடைக்காரர், "என்ன தம்பி, சுகமோ?" என்றார். காலைப் பார்க்கவில்லை. கால் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் எப்படி நடந்தது என்று வரும். அதனால் கேட்கவில்லை.

தவராஜா அண்ணை ஒருமுறைகூட எடுக்கவில்லை. கோபமோ என்று அம்மாவிடம் கேட்டேன். "விசரே உனக்கு? அந்த மனுசன் தன்ர போனில இருந்து உன்ர நம்பரையே அழிச்சுப் போட்டார். ஆரும் பாத்துத் தொடுப்புக் கண்டுபிடிச்சிடுவினம் எண்டு பயம்."

நானூறு பேர் காப்பாற்றுகிறார்கள். ஒரு படம் வெளியே வரவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் ஆட்கள் இப்படி ஒரு காரியத்தில் ஒன்றாக நின்று நான் கண்டதில்லை. அவர்கள் வாயை மூடியதால் ஒப்பந்தம் என் கையில் இருக்கிறது. அதே வாய்கள்தான் என்னைக் கூப்பிட்டன. அதற்காகத்தான் இறங்கினேன். இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை.

2012 டிசம்பர் 25, செவ்வாய்

கூரில். கிண்ணத்தை ஒரு வருடத்துக்கு எங்கள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கண்ணாடி அலுமாரியில் இல்லை. எங்கே என்று கேட்டேன். குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் இருப்பதாக யதுஷா சொன்னாள். வெளியே வைத்தால் யாராவது வந்து அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பார்கள் என்று அப்பா அங்கே வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அம்மா கறியைப் பரிமாறினார். அப்பா, "உப்புக் காணும்" என்றார்.

2013 ஏப்ரல் 28, ஞாயிறு

திரும்பி வந்தேன். கடைசி இருபது நிமிடம். ரேத்தோ பந்தை முன்னால் போட்டான். முன்பு அதே பந்தை எட்டிப் பிடித்து இரண்டு அடி மிச்சமும் வைப்பேன். இன்று பின்காப்பாளன் என்னோடு கூடவே வந்தான். பிறகு முன்னால் போனான். அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே வியப்பு.

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. வேகம்தான் போய்விட்டது. ஓர ஆட்டக்காரனிடம் வேகம் இல்லாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

2013 யூன் 7, வெள்ளி

ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. முதல் பிரிவுக் கழகம் எப்போதோ வேறொருவனை எடுத்துவிட்டது. ஹுக் கையைக் குலுக்கி, "துரதிர்ஷ்டம்" என்றார். அவர் அப்படி நினைப்பதை நான் திருத்தவில்லை. திருத்தினால் அண்ணையும் மேர்சியும் கடைக்காரரும் சேர்த்து மூடிய வாயை நான் திறந்ததாகிவிடும். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பயமும்தான்.

உர்சினாவிடம் விடைபெறப் போனேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வீட்டுப் படிகளுக்கு என் வணக்கத்தைச் சொல்" என்றாள். இருவரும் சிரித்தோம். அறைக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2014 நவம்பர் 11, செவ்வாய்

காலையில் தபால் வேலை. மஞ்சள் நிற மூன்று சில்லு வண்டியில் நான்கு தெருக்கள். மாலையில் மூன்றாம் பிரிவுக் கழகத்தில் பயிற்சி. இங்கேயும் கையெழுத்து உண்டு, இங்கேயும் அதே நிபந்தனை உண்டு. வலது ஓரத்திலிருந்து என்னைப் பின்காப்புக்கு இழுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஓடுவது பதினெட்டு வயது வேகம். பந்தை அவனுக்குப் போடுவதுதான் என் வேலை.

சனங்கள் தபால்காரனை நிறுத்தி எதையாவது கதைக்கிறார்கள். பூனையைப் பற்றி, முதுகு வலியைப் பற்றி. பரவாயில்லை.

2015 ஓகஸ்ட் 16, ஞாயிறு

இன்று ஊஸ்டரில் சுற்றுப்போட்டி. மூன்று வருடமாகப் போகவில்லை. போனால் எல்லோரும் வாழைக்காயைப் பார்க்க வேண்டிவரும்.

2016 யூன் 12, ஞாயிறு

மூன்றாம் பிரிவுக் கழகத்துக்கும் நன்றி சொல்லி விலகினேன். இருபத்தேழு வயது. இனி எந்தத் தாளிலும் என் கையெழுத்து இல்லை. பையைக் காலி செய்தேன். அடியில் சாயிசனின் சட்டை. திருப்பிக் கொடுக்கவேயில்லை. அவனும் கேட்கவில்லை.

2016 ஓகஸ்ட் 14, ஞாயிறு

ஊஸ்டர். கிண்ணம் இன்னும் பெரியப்பாவின் பெயரில்தான் நடக்கிறது.

கடந்த மாதம் சாயிசனுக்கு எடுத்து, பதிவு செய்யச் சொல்லியிருந்தேன். "உண்மையாவோ?" என்று மூன்று தரம் கேட்டான். என் அளவிலேயே சப்பாத்துக் கொண்டு போனேன். அப்பாவும் வந்தார். கோட் இல்லை, ஒளிச்சுடர் சட்டை. தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒலிபெருக்கியில் அணி விபரம் வாசித்தார் தவராஜா அண்ணை. தலைமயிர் முழுதாக வெள்ளை. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம். ஆரன் 'ஆகாயத் தலை'. சாயிசன் 'நின்று போன ரெயின்'. பிறகு: "இலக்கம் ஏழு..."

நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இலக்கம் ஏழு, எங்கட ஊர்ப் பொடியன் ஒராள்" என்று சொல்லிவிட்டு எட்டுக்குப் போனார். கரையில் நின்றவர்களும் என்னைப் பார்க்காமல் கோர்னர் கொடியைப் பார்த்தார்கள். நாலு வருடப் பழக்கம்.

மைதானத்தைக் குறுக்கே நடந்து கூடாரத்துக்குப் போனேன்.

"அண்ணை, இப்ப சொல்லலாம்."

"என்னத்தை?"

"பேரை."

அவர் கையால் ஒலிவாங்கியைப் பொத்தினார். "எட, சும்மா இரு. கழகத்தில பிரச்சினை வராதோ?"

"கழகமே இல்லை அண்ணை. இதுதான் கழகம்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையை எடுக்கும்போது ஒலிபெருக்கி கீச்சிட்டது. குழந்தைகள் காதைப் பொத்தினார்கள்.

"உறவுகளே, ஒரு திருத்தம். இலக்கம் ஏழு, பானுஜன்! யோகராஜாவின்ர மகன், தம்பித்துரையின்ர பெறாமகன், பானுஜன் வந்திருக்கிறார்! வந்திருக்கிறார், இஞ்சதான் நிக்கிறார், எல்லாரும் வடிவாப் பாருங்கோ! படம் எடுக்கிறவை எடுங்கோ!"

சத்தம் வந்தது. எங்கோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல், குரல் கட்டப்போகிற மாதிரிக் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். வெயிலில் யாரென்று தெரியவில்லை.

அரையிறுதியில் தோற்றோம். என்னைத் தாண்டித்தான் அந்தக் கோலும் போனது. "டேய் பானு, எருமை, ஆளைப் பிடிக்கச் சொன்னனெல்லோ!" என்று ஆரன் முழு மைதானத்துக்கும் கேட்கக் கத்தினான்.

மாலையில் அப்பாவின் காரில் கூருக்கு. வழியில் வாலன்சே ஏரி வந்தது. முதல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது, ரோட்டைப் பார்த்தபடி, அப்பா தொடங்கினார்.

"அண்டைக்கு அந்தப் பந்து. சாயிசன்ர சப்பாத்து உனக்குப் பெரிசு. நீ கோட்டோட ஒட்டி வாறாய். அவன் உன்னை வெளியால தள்ளுறான். நீ உள்ள பாக்கவே இல்லை..."

நாலு வருடமாகப் போர்வைக்குப் பின்னால் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எந்தப் பந்து, யாரிடமிருந்து, எவன் எங்கே நின்றான், எதிரணிக் கோலி எந்தக் காலில் பாரம் வைத்திருந்தான். கோலியாக இருந்தவருக்கு எல்லாம் நினைவிருந்தது.

சர்கான்ஸ் தாண்டினோம். அப்பாவின் கதையில் ஆரன் இன்னும் தலையால் முட்டவில்லை.